தீவகத்து வீடும் லினக்ஸ் வழங்கியும்

மலர்க்குழுவினர் கட்டுரையொன்று கேட்டு எழுதியபோது, சமயம் பற்றியும் இலக்கியம் பற்றியும் எழுதுவதற்கு என்னினும் தகுதியுடையார் பலர் உளர் என்றெண்ணி, யான் கையாற் செய்து, பிழைவிட்டு, திருத்திக் கற்ற தொழிலொன்றைப் பற்றி எழுதுவதே நேர்மையெனத் துணிந்தேன். நயினாதீவிலுள்ள எங்கள் பழைய வீட்டில் லினக்ஸ் கணினியொன்றை இரவு பகல் ஓயாது இயங்கும் வழங்கியாக நிறுவி, யாழ்ப்பாணத்திலிருந்து யானும் ரொறன்ரோவிலிருந்து என் தமையனாரும் அதன் திரையை எம்முன் விரித்து வேலை செய்யுமாறு அமைத்த வரலாறு இது. வரலாறு என்பதினும் பாடம் என்பதே பொருந்தும். மேல்வகுப்பு மாணவர் இதனைப் படித்துத் தம் வீட்டில் ஒன்றை அமைத்தல் கூடும். கண்ணாடியணிந்து படிக்கும் என்போன்ற பழைய மாணவர், எதைச் செய்யலாகாது என்பதையேனும் அறிந்துகொள்ளலாம்.

அவ்வீட்டில் றங்குப்பெட்டி ஒன்றுண்டு. காணி உறுதிகள், சாதக ஓலைகள், தந்தையார் எழுதிய கோயிற் கணக்குக் கொப்பிகள், பழைய நிழற்படங்கள், நம் கல்லூரி மலர்கள் சில ஆகியன அதனுள்ளே உள. 1990களின் தொடக்கத்தில் போர் காரணமாக ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு முதலிய இடங்களிலிருந்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்த கதையை நம்முட் பலர் தம் வீட்டுக் கதையாகவே அறிவர். வீட்டை மீளக் கட்டியவர் உளர். விட்டுவந்த கடதாசியை மீளப் பெற்றவர் மிகச் சிலர். எங்கள் பெட்டி தப்பியது எங்கள் கெட்டித்தனத்தால் அன்று. அதற்கு முன்பே, 1981 இல், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் இருந்தன. ஒரு பொருளுக்கு ஒரே படி, அதுவும் ஒரே இடத்தில் என்றிருப்பதன் விலை இன்னதென்று நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பாடசாலை மலர்களையும் படமெடுத்து எவரும் இணையத்திற் படிக்குமாறு வைத்திருக்கின்றது. பொதுவுக்கு உரியவற்றை அங்கே சேர்ப்பித்தலே முறை. யாமும் அவ்வாறே எண்ணியுள்ளோம். ஆனாற் காணி உறுதியும் சாதகமும் ஊரறிய வைக்கப்படுவன அல்ல. அவை வீட்டில் இருத்தல் வேண்டும். உரியவர் எத்தேயத்திலிருப்பினும் அவர் கைக்கெட்டவும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்ற முயன்றதே வழங்கிக்குக் காரணமாயிற்று.

பெருநிறுவனங்கள் தரும் இணையச் சேமிப்பிடத்தில் எல்லாவற்றையும் ஏற்றிவிடலாமே என்று சிலர் கேட்பர். பலர்க்கு அதுவே போதும் என்பதை மறுக்கேன். ஆயினும் மாதக் கட்டணம் ஒருவர் பெயரில் நிற்கின்றது. அவர் காலமானால் அல்லது கட்டத் தவறினால் மற்றையோர் கதி என்ன என்பதை முன்னரே யோசித்தவர் குறைவு. மேலும் ஒரு கணக்குப் பார்த்தேன். ஏ4 அளவுத் தாளொன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வண்ணத்திற் படமெடுத்தால் அகலத்தில் 2,480, உயரத்தில் 3,508 புள்ளிகள் உண்டாகும். புள்ளிக்கு 3 பைற்று என்றால், சுருக்காத நிலையில் ஒரு பக்கம் 26 மெகாபைற்று ஆகும். 200 பக்க மலரொன்று 5 ஜிகாபைற்றைத் தாண்டும். தமையனார் ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்து, சரித்து, வெட்டி, பெயரிட்டு அட்டவணைப்படுத்துவதற்காக இவ்வளவையும் தீவிலிருந்து கனடாவுக்கு அனுப்பி மீண்டும் இறக்குவது நம் இணைப்புக்களுக்கு ஆகிற காரியமன்று. கோப்பு நயினாதீவிலேயே கிடக்க, அதனைக் காட்டும் திரை மாத்திரம் ரொறன்ரோவுக்குச் செல்லுமாயின்? திரையில் மாறிய பகுதி மட்டுமே கடல் கடந்தாற் போதும். றிமோட் டெஸ்க்ரொப் என்று வழங்கும் தொலைமேசையின் தத்துவம் இவ்வளவே.

இனிச் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். வழங்கி என்பது தனியொரு சாதியைச் சேர்ந்த கணினியன்று. பிறர் கேட்கும்போது கொடுப்பதற்கென்று எந்நேரமும் விழித்திருக்கும் கணினி எதுவாயினும் அது வழங்கியே. அதனை இயக்கும் லினக்ஸ், 1991 ஆம் ஆண்டில் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் ரோர்வால்ட்ஸ் தொடங்கியது. கட்டணமின்றிப் பெற்று, பிரித்துப் பார்த்து, திருத்தி, பிறர்க்குக் கொடுக்கலாம் என்னும் உரிமையோடு அது வருகின்றது. அதே நாட்டின் ஹெல்சிங்கித் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தில், வலையமைப்பிற் கடவுச்சொற்கள் களவாடப்பட்டமை கண்டு, தாத்து யுலோனென் என்பவர் 1995 இல் எஸ்.எஸ்.எச். என்னும் காப்பான நுழைவுமுறையை ஆக்கினார். இப்பாடத்தின் இரு தூண்களும் ஒரே நாட்டிற் பிறந்தன என்பது ஒரு சுவையான செய்தி.

பொறியைத் தேர்வதில் யான் முதலிற் பிழைவிட்டேன். கழித்துவிட்ட அலுவலகக் கணினியொன்றைக் கொண்டுசென்று வைத்தபோது, வீட்டிலிருக்கும் என் சிறியதாயார், “இது மாதம் எத்தினை யூனிற் இழுக்கும் தம்பி?” என்று வினவினார். எனக்கு விடை தெரியவில்லை. அளந்து பார்த்தபோது 60 வோற்று. 30 நாள் ஓயாது ஓடினால் 43 அலகு ஆகும். தனியே வாழும் முதியவர் வீட்டுக்கு அது பெருஞ்செலவு. பின்னர், உள்ளங்கையிற் சற்றுப் பெரிதான சிறு கணினியொன்றைப் பழையதாக வாங்கினேன். வேலையற்றிருக்கும்போது 10 வோற்று, மாதத்துக்கு 7.2 அலகு. நினைவகம் 8 ஜிகாபைற்று இருந்தாற் போதும். விசிறியில்லாத வகை கிடைத்தால் மிக நன்று. ஏனெனில் விசிறி தன்னுள் இழுப்பது வெறுங் காற்றன்று, உப்புக் காற்று. கடற்கரையிலிருந்து சில நூறு யார் தூரத்திலுள்ள வீட்டிலே செம்பு பச்சை பூப்பதைக் கண்டவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. பொறியை நிலத்தில் வையாது, யன்னலுக்கு எதிர்ப்புறச் சுவரில் தட்டொன்றில் வைத்துள்ளேன்.

மின்சாரம் பற்றிச் சற்று விரிவாகவே எழுதவேண்டும். ஊர்காவற்றுறையும் வேலணையும் புங்குடுதீவும் நாட்டின் பொது மின்வலையோடு இணைந்தவை. நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு ஆகியன டீசல் பிறப்பாக்கிகளை நம்பியே நெடுங்காலம் இருந்து வந்தன. இம்மூன்று தீவுகளுக்கும் சூரிய ஒளி, காற்று, பற்றரி, டீசல் ஆகிய நான்கையும் கலந்த மின் அமைப்புக்கள் நிறுவ இந்தியா 11 மில்லியன் டொலர் நன்கொடை வழங்க, ஒப்பந்தம் 2024 மார்ச் மாதத்திற் கைச்சாத்தாயிற்று. எத்தகைய மின்சாரமாயினும் வழங்கி அமைப்பவன் கேட்கவேண்டிய கேள்வி மின்சாரம் நிற்குமா என்பதன்று; நின்று மீளும்போது பொறி தானே எழுமா என்பதாகும். பொது மின்வலையிலேயே 2022 மார்ச் மாத முடிவில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின் தடைப்பட்டதை மறந்தோமல்லோம். 12 வோல்ற்று, 7 அம்பியர் மணி கொண்ட சாதாரண யு.பி.எஸ். பற்றரியில் உள்ளது 84 வோற்று மணி. கணினியும் ரவுட்டரும் சேர்ந்து 18 வோற்று இழுத்தால், ஏட்டுக்கணக்கில் நாலரை மணி. நடைமுறையில் அதிற் பாதி கிடைத்தாலும் நல்லூழே. 13 மணி நேரத்தை அதனால் வெல்ல முடியாது. ஆகவே யு.பி.எஸ்ஸின் பணி, பொறியை ஒழுங்காக உறங்கவைப்பதற்கு அவகாசம் தருவது மட்டுமே.

இங்கேதான் யான் நன்றாக அகப்பட்டேன். பெரும்பாலான கணினிகளின் பயோஸ் என்னும் அடிப்படை அமைப்பில், மின்சாரம் மீண்டதும் தானே இயங்குக என்று குறிக்க இடமுண்டு. அதனைக் குறித்துவிட்டுப் பெருமிதத்தோடு குறிகட்டுவானுக்குத் திரும்பும் படகேறினேன். சில வாரத்தின் பின் மின் தடைப்பட்டது. பற்றரி குறைந்ததும் யு.பி.எஸ். செய்தி அனுப்ப, கணினி முறைப்படி அடங்கியது. பற்றரி முற்றாகத் தீருமுன் மின்சாரம் மீண்டுவிட்டது. கணினியின் பார்வையில் மின்சாரம் போகவே இல்லை. ஆகையால் எழுவதற்குக் காரணமும் இல்லை. 11 நாள் அது உறங்கிக் கிடந்தது. சிறியதாயாருக்குத் தொலைபேசியிற் சொல்லிச் செய்விக்கலாம். ஆயினும் இருட்டுத் தட்டில் உள்ள சிறு பொத்தானைத் தேடுவதற்காக எழுபது வயது கடந்தவரைக் கதிரையில் ஏற்ற மனம் வரவில்லை. பண்ணைப் பாலம் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியே குறிகட்டுவான் சென்று, படகேறி, ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு வந்தேன். அம்மன் தரிசனம் கிடைத்தது என்பது தவிர அப்பயணத்தால் வேறு இலாபமில்லை.

அதன் பின் இரண்டு காப்புச் செய்தேன். கணினி அடங்கிய சிறிது நேரத்தில் யு.பி.எஸ். தன் வெளியீட்டையும் துண்டித்து, மின்சாரம் இருப்பின் மீண்டும் கொடுக்குமாறு அமைத்தல் ஒன்று. இதற்கு ‘நட்’ என்னும் மென்பொருள் உதவும். ஒவ்வொரு நாளும் விடியற்காலை 6 மணிக்குக் கணினி தானே எழுமாறு பயோஸில் நேரங் குறித்தல் மற்றொன்று. ஏற்கெனவே விழித்திருந்தால் அதனால் ஒரு கேடுமில்லை. கணினியின் மணிக்கூட்டை ஓடச்செய்யும் நாணயம் போன்ற சிறு பற்றரியையும் அப்போதே மாற்றுக. அது செத்திருந்தால் இரண்டாவது காப்பும் செத்ததே.

லினக்ஸை நிறுவுவது இன்று கடினமான வேலையன்று. விநியோகங்கள் பலவற்றுள் யான் டெபியனைத் தேர்ந்தேன். அதன் 13 ஆம் பதிப்பு 2025 ஓகஸ்டில் வெளிவந்தது; நீண்டகால ஆதரவையும் சேர்த்து ஒவ்வொரு பதிப்புக்கும் 5 ஆண்டுவரை பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும். படகேறிச் செல்லவேண்டிய பொறிக்குப் புதுமையினும் பொறுமையே வேண்டும். நிறுவும்போது எஸ்.எஸ்.எச். வழங்கியைச் சேர்த்துக்கொள்க, பாதுகாப்புத் திருத்தங்கள் தாமே இறங்குமாறும் அமைத்துக்கொள்க. ரவுட்டரிற் கணினிக்கு மாறாத உள்முகவரி ஒன்றை ஒதுக்குக. பின்னர், அடுத்த அறையிலுள்ள லப்ரொப்பிலிருந்து நுழைந்து பாருங்கள். அடுத்த அறையிலிருந்து ஆகாதது அடுத்த தேயத்திலிருந்து ஆகாது.

நுழைவுக்குக் கடவுச்சொல்லை நம்பாது சாவி முறையைக் கைக்கொள்க. இம்முறையில் இரு கோப்புக்கள் உண்டாகும். ஒன்று பூட்டுப் போன்றது; அதனை வழங்கியில் வைக்கலாம், எவர் கண்டாலும் குற்றமில்லை. மற்றது சாவி, அது உரியவர் கணினியை விட்டு அகலலாகாது. சாவியையும் ஒரு மறைமொழியாற் பூட்டிவைத்தல் நன்று. சாவியால் நுழைய முடிகின்றது எனக் கண்ட பின்னரே கடவுச்சொல் நுழைவை நிறுத்துக. நிறுத்தும்போது ஏற்கெனவே திறந்துள்ள இணைப்பை மூடிவிடாது, இரண்டாவது இணைப்பால் சோதித்துப் பார்த்தல் வேண்டும். தொலைவிலிருந்து தீச்சுவர் விதிகளை மாற்றும்போதும் இவ்வாறே. 10 நிமிடத்தில் பழைய விதிகள் தாமே மீளுமாறு நேரங் குறித்துவிட்டு மாற்றுக. சரியானால் அக்குறிப்பை நீக்கிவிடலாம். இருக்கும் கொப்பைத் தறிப்பவன் கதை நம் ஊரில் எல்லோரும் அறிந்ததே.

இனித் தொலைமேசை. மேசை என்பது படங்களும் சாளரங்களும் கொண்ட திரை. வழங்கிகள் பல அதனையின்றி எழுத்துக் கட்டளைகளாலேயே இயங்குவன. தூய வழங்கிக்காரர் மேசையைக் கண்டால் முகஞ்சுளிப்பர். என் தமையனாரோ ஓய்வுபெற்ற கணக்காளர். கட்டளை எழுத வாரார், படத்தைக் கண்டாற் குற்றமறத் திருத்துவார். அவர் பொருட்டு, எடை குறைந்த எக்ஸ்.எவ்.சி.ஈ. என்னும் மேசையையும், அதனை வெளியே காட்டும் எக்ஸ்.ஆர்.டி.பி. என்னும் மென்பொருளையும் நிறுவினேன். விண்டோஸ் கணினிகளில் ஏற்கெனவே உள்ள தொலைமேசை இணைப்பானே இதனோடு பேசும். அவர் புதிதாக எதையும் நிறுவ வேண்டியதில்லை.

தூரத்தையும் கருதல் வேண்டும். நேர்கோட்டுக் கணக்கில் யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோ ஏறத்தாழ 13,700 கிலோமீற்றர். கண்ணாடியிழையில் ஒளி செக்கனுக்கு 200,000 கிலோமீற்றர் அளவே செல்லுமாதலால், போய்வர 137 மில்லிசெக்கனேனும் ஆகும். கடலடிக் கம்பிகள் வளைந்து செல்வன. உண்மையில் அதனினும் கூடும். ஒரு பொத்தானைச் சொடுக்கிப் பயனைக் காண்பதற்குக் கண்ணிமைப்பொழுது கழியுமென்று பொருள். இதனை எந்தப் பணமும் குறைக்காது. அலங்காரங்களை நீக்கி, பின்புலப் படத்தை எடுத்து வெறும் நிறமாக்கி, சாளர அசைவுகளை நிறுத்தினால் தாமதம் பொறுக்கத்தக்கதாகும். அத்துடன் ஒரு நன்மையும் உண்டு: இடையில் இணைப்பு அறுந்தாலும் மேசை அங்கே அப்படியே இருக்கும். மீண்டும் நுழைந்தவுடன், பாதியில் விட்ட பக்கம் பாதியிலேயே காத்திருக்கும். தீவக இணைப்புக்கு இது பெரிய கொடை.

இரு சிறு இடர்களை இங்கே குறிப்பிடுவேன், யான் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாலைப்பொழுதை இழந்தமையால். ஒரே பெயரில் வழங்கியின் முன்னும் நுழைந்து தொலைவிலிருந்தும் நுழைந்தால் பலவேளை கருந்திரையே எஞ்சும். தொலைமேசைக்கென்று தனிப் பெயரொன்றை ஆக்குக. தமிழ்த் தட்டச்சு முறையை இருபுறமும் வைத்தால் எழுத்துக்கள் குழம்பும். வழங்கியில் மாத்திரம் தமிழ் உள்ளீட்டை நிறுவி, தம் கணினியின் விசைப்பலகையை ஆங்கிலத்திலேயே விடுதல் தகும்.

இத்துணையும் வீட்டினுள்ளே நடப்பது. வெளியிலிருந்து உள்ளே வருவது எவ்வாறு? தொலைமேசைக்குரிய வாயில் இலக்கம் 3389. ரவுட்டரில் அவ்வாயிலை வெளியுலகுக்குத் திறந்துவிடுக என்று கூறும் வழிகாட்டிகள் பல உள. அவ்வாறு செய்யற்க. வேலியிற் பொட்டு வெட்டினால் அயல்வீட்டுப் பிள்ளை மாத்திரம் அதனால் வருவதில்லை. கட்டாக்காலி மாடும் வரும். இணையத்தில் வாயில்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட பொறிகள் எண்ணிறந்தன. யான் சோதனைக்காக ஓரிரவு மாத்திரம் எஸ்.எஸ்.எச். வாயிலைத் திறந்துவைத்தேன். விடிந்ததும் பதிவேட்டைப் பார்த்தால், யாம் அறியாத பெயர்களால் நுழைய முயன்ற குறிப்புக்கள் பக்கம் பக்கமாக நிரம்பியிருந்தன. சாவி முறை இருந்தமையால் ஒருவரும் நுழைந்திலர். தொலைமேசை வாயில் இதனினும் ஆபத்தானது. 2019 மே மாதத்தில் பழைய விண்டோஸ் பதிப்புக்களின் தொலைமேசைச் சேவையிற் கடவுச்சொல்லே இன்றி உட்புகத்தக்க ஓட்டையொன்று வெளிப்பட்டது. மைக்ரோசொவ்ற் நிறுவனம் ஆதரவை எப்போதோ நிறுத்திவிட்ட எக்ஸ்.பி. பதிப்புக்குங்கூடத் திருத்தம் வெளியிட நேர்ந்தது. எங்கள் மென்பொருள் வேறாயினும் பாடம் ஒன்றே.

ஆதலால் எக்ஸ்.ஆர்.டி.பி. வழங்கியின் உள்முகவரியில் மாத்திரம், அதாவது தன்னோடு தானே பேசும் 127.0.0.1 என்னும் முகவரியில் மாத்திரம், செவிசாய்க்குமாறு அமைத்தல் வேண்டும். வெளியார் எவர்க்கும் அது இருப்பதே தெரியாது. தமையனார் முதலில் எஸ்.எஸ்.எச். மூலம் சாவியால் நுழைவார். அவ்விணைப்பினுள்ளே, அவர் கணினியின் 3390 ஆம் வாயிலிலிருந்து வழங்கியின் 3389 ஆம் வாயிலுக்கு ஒரு சுரங்கவழி செல்லும். பின் தம் தொலைமேசை இணைப்பானைத் தம் கணினியின் 3390 ஐ நோக்கித் திருப்புவார். அவர்க்கு இவையெல்லாம் தெரியவேண்டியதில்லை. ஒரு சின்னத்தைச் சொடுக்கினால் நிகழுமாறு அமைத்துக் கொடுத்துள்ளேன்.

இன்னும் ஒரு தடையுண்டு. கைத்தொலைபேசி நிறுவனங்கள் தரும் இணைப்புக்களிற் பல, வீட்டுக்கென்று தனிப் பொதுமுகவரி தருவதில்லை. ஆயிரம் வீட்டுக்கு ஒரு தபாற்பெட்டி வைத்தாற் போன்றது அது; வெளியே அனுப்பலாம், வெளியார் பெயரிட்டு அனுப்பினால் வந்துசேராது. 2025 யூலையில் இலங்கைக்கு வந்த ஸ்ரார்லிங்க் செய்மதி இணைப்பும் சாதாரணமாக இம்முறையினதே. ரவுட்டர் காட்டும் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையான இலக்கத்தில் தொடங்குமாயின் இந்நிலை என்றறிக. வெளியார் உள்ளே வர இயலாதாயின், உள்ளிருப்பவர் வெளியே சென்று கையைப் பிடித்துக்கொண்டு நிற்றலே வழி. பொதுமுகவரியுடைய சிறு கணினியொன்றை இணையத்தில் வாடகைக்கு எடுத்து, வீட்டு வழங்கி தானாகவே அதனோடு இணைப்பை ஏற்படுத்தி விடாது பற்றியிருக்குமாறு செய்க. இதற்கு வயர்கார்ட் என்னும் முறை எளிது. 2020 இலிருந்து லினக்ஸின் கருவிலேயே அது சேர்க்கப்பட்டுள்ளது. 25 செக்கனுக்கு ஒருமுறை சிறு செய்தியொன்றை அனுப்புமாறு குறித்தால் இணைப்பு உறங்காது. தமையனார் கணினியும் அதே இடத்துக்கு வரும். இருவரும் அங்கே சந்திப்பர். வாடகைக் கணினியில் வயர்கார்ட்டின் உறை பிரிக்கப்பட்டு மீண்டும் இடப்படுகின்றது. ஆகையால் உள்ளே எஸ்.எஸ்.எச். என்னும் இரண்டாவது உறை அவசியம். இது போதுமே, அது எதற்கு என்று கேட்பவர்க்கு இதுவே விடை. அத்தகைய வாடகைக் கணினியொன்று பல வீடுகளுக்குப் போதுமாதலால், பழைய மாணவர் சங்கக் கிளையொன்று அதனை ஏற்று நடத்தினால் உறுப்பினர்க்குச் செலவு மிகக் குறையும் என்பது என் கருத்து.

வன்தட்டை மறைகுறியாற் பூட்டுவதா என்பதில் நெடுநாள் மயங்கினேன். பூட்டாவிடின் பொறியைத் திருடியவன் உறுதிகளையும் சாதகங்களையும் படிப்பான். முழுத்தட்டையும் பூட்டினால், ஒவ்வொரு முறை எழும்போதும் எவரேனும் அதன் முன்னமர்ந்து மறைமொழி இடவேண்டும், மீண்டும் படகு! இறுதியில், இயங்குதளம் உள்ள பகுதியைத் திறந்துவிட்டு, ஆவணங்கள் உள்ள பகுதியை மாத்திரம் பூட்டினேன். மின்தடைக்குப் பின் பொறி தானே எழும்; எஸ்.எஸ்.எச். எழும், யான் தொலைவிலிருந்து நுழைந்து ஆவணப் பகுதியைத் திறப்பேன். அதுவரை அது கல்லே.

காப்புப்படி பற்றிக் கூறாது விடின் இப்பாடம் குறையுடையதாகும். இரு தட்டுக்களை ஒன்றன் நிழலாக மற்றொன்றை வைத்தல் காப்புப்படி ஆகாது. ஒன்றில் அழித்தது மறுகணம் மற்றதிலும் அழியும். 2023 இல் இலங்கை அரசின் முகிற் சேமிப்பகம் கப்பம் கோரும் தீநிரலுக்கு இரையாயிற்று. அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீட்கவியலாது போயின. இணைப்பறுத்து வைத்த படி அக்காலத்துக்கு இல்லாமையே காரணம். அரசுக்கே இக்கதியெனின் எங்கள் தட்டில் உள்ள பொறி எம்மாத்திரம்! ஆவணங்களின் ஒரு படி வழங்கியில். ஒரு படி யான் தீவுக்குச் செல்லும்போதெல்லாம் புதுப்பித்து யாழ்ப்பாணத்துக்கு எடுத்துவரும் கைத்தட்டில். ஒரு படி இரவில் மாறியவை மாத்திரம் பூட்டிய நிலையில் ரொறன்ரோவுக்குச் செல்வது. கைத்தட்டு எக்கணினியோடும் இணையாது அலுமாரியில் இருப்பதே அதன் சிறப்பு. ஆண்டுக்கொருமுறை அதிலிருந்து சில கோப்புக்களை மீட்டுத் திறந்து பார்க்கின்றோம். முதலாண்டு அவ்வாறு பார்த்தபோது, கணக்குக் கொப்பிப் படங்களுள் ஒரு கோவை வெறுமையாயிருந்தது. மூலம் வழங்கியில் இருந்தமையால் தப்பினோம். கோப்புப் பெயரில் யான் இட்ட ஒரு குறியே பிழை.

எல்லாம் முடிந்ததென்று எண்ணிய நாளில் இறுதிச் சோதனையொன்று செய்தேன். சிறியதாயாரிடம் சொல்லிவிட்டு, வீட்டின் பிரதான ஆளியை நிறுத்தினேன். யு.பி.எஸ். கூவியது, பற்றரி குறைந்ததும் கணினி அடங்கியது. ஆளியைப் போட்டுவிட்டு, பொறியைத் தொடாமல், கைகட்டித் திண்ணையில் அமர்ந்திருந்தேன். ஐந்தாறு நிமிடத்தில் ரவுட்டரும் பின்னர் கணினியும் எழுந்தன. தமையனாருக்கு அழைத்தேன், அங்கே நள்ளிரவு கடந்த நேரம். அவர் நுழைந்து, தந்தையார் கையெழுத்துள்ள கொப்பியொன்றைத் திறந்து, ஒரு செலவுக் கணக்கின் கூட்டுத்தொகை பிழை என்றார். பார்த்தேன். பிழைதான், 2 ரூபா கூடியிருந்தது.

உறுதிகளும் கொப்பிகளும் அட்டவணையில் ஏறிவிட்டன. சாதக ஓலைகள் மிகுதியாயுள. ஸ்கானரின் மூடியால் அமுக்கினால் உலர்ந்த ஓலை முறியும். மேலே கமராவை நிறுத்திப் பக்கவொளியில் எழுத்தின் கீறல் தெரியுமாறு ஒவ்வொன்றாகப் படமெடுத்தல் வேண்டும். அதற்குக் கமரா தாங்கியொன்றைத் தச்சரிடம் சொல்லியிருக்கின்றேன்.